மூச்சுக் கணக்கெடுப்பில் நாம் கோட்டை விடும் இடங்கள்

பேரையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் நுரையீரல் நோய்க் கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போயிருந்தேன். ஒரு வீட்டில் அடுப்பங்கரையிலிருந்து ஓர் அம்மா எழுந்து வந்தார். வயது ஐம்பதுக்குள்தான் இருக்கும். "இருமல் இருக்காம்மா?" "அதெல்லாம் இல்லய்யா." "மூச்சுத்திணறல்?" "இல்ல." இரண்டுக்கும் 'இல்லை' என்று குறித்துவிட்டு நிமிர்ந்தால், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிறார். கேட்டதற்கு, "இது அடுப்புப் புகை தம்பி, எப்பவும் உள்ளதுதான்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. இருமல் என்றால் அவருக்கு மருந்து வாங்கும் அளவுக்கு வரும் நோய். மூச்சுத்திணறல் என்றால் ராத்திரியில் ஆட்டோ பிடித்து ஓடுவது. தாளில் அச்சடித்திருந்த சொல்லை நான் அப்படியே வாசித்ததுதான் தவறு. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயை, அதாவது சி.ஓ.பி.டி.யை, ஊருக்குள் போய்த் தேடுகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான்.

"காலையில எந்திரிச்சதும் சளி துப்புவீங்களா? வருசத்துல எத்தனை மாசம்?" என்று கேட்டுப் பாருங்கள். வருடத்தில் மூன்று மாதம், தொடர்ந்து இரண்டு வருடம் சளியோடு இருமினால் அது நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி; அதற்குத்தான் இந்த மாதக் கணக்கு. மூச்சு விஷயத்தில் 'மூச்சு வாங்குது', 'இளைக்குது', 'நெஞ்சு அடைக்குது' என்று ஊரில் பல சொல் உண்டு. 'ஆஸ்துமா இருக்கா?' என்று மட்டும் எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீட்டில் யார் 'ஆமாம்' என்பார்கள்?

இன்னொன்று, மூச்சு வாங்குகிறவர் மூச்சு வாங்கும் வேலையையே விட்டுவிடுவார். அப்புறம் 'இப்ப ஒண்ணும் இல்ல' என்பார். அதனால், "முன்னாடி செஞ்சு, இப்ப விட்டுட்ட வேலை எது?" என்று கேளுங்கள். எனக்கு அதிகம் கைகொடுத்த கேள்வி இதுதான். அந்த அம்மாவிடமும் கடைசியில் இதைத்தான் கேட்டேன். தண்ணீர்க் குடம் தூக்குவதை மருமகளிடம் விட்டு இரண்டு வருடம் ஆகிறதாம். 'மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா' என்பது ஓட்டு வீட்டுக்காரருக்குப் பொருந்தாத கேள்வி. குடத்தை நடுவழியில் இறக்கி வைப்பாரா என்பது பொருந்தும். ஆனால் ஆளுக்கொரு விதமாக மாற்றிக் கேட்டால் கணக்கு நிற்காது. பயிற்சியின்போதே எல்லோரும் உட்கார்ந்து ஒரே சொல்லை முடிவு செய்து, பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

'புகை பிடிப்பீங்களா?' என்பதும் போதாது. மூச்சு முட்டியதால் போன மாதம் பீடியை விட்டவர் 'இல்லை' என்பார். எந்த வயதில் தொடங்கினார், ஒரு நாளைக்கு எத்தனை கட்டு, கட்டுக்கு எத்தனை பீடி, எப்போது விட்டார் என்று கேளுங்கள். பெண்களிடம் விறகடுப்பைக் கேளுங்கள். கருவேல விறகா, பருத்தி மாரா, எருவட்டியா, தினமும் எத்தனை மணி நேரம், எத்தனை வருடம் என்று. கேஸ் இருக்கா என்றால் 'இருக்கு' என்பார்கள். சிலிண்டர் மூலையில் இருக்கும், சோறு விறகில் வேகும். மேலூர்ப் பக்கம் கல் குவாரி வேலை, செல்லூர்ப் பக்கம் தறி வேலை, நெல் அரவை மில் வேலை என்று தூசியில் கழிந்த வருடங்களையும் விடக்கூடாது.

வெளிநாட்டுத் தாளின் மதிப்பெண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. அதிகம் புழங்கும் சி.ஓ.பி.டி.-பி.எஸ். தாளில் 5 கேள்வி, மொத்தம் 10 மதிப்பெண், 5 வந்தால் சந்தேகம். வாழ்நாளில் 100 சிகரெட் பிடித்திருந்தால் 2, வயது 60 தாண்டியிருந்தால் இன்னொரு 2. நம் அடுப்படி அம்மாவுக்கு வயது 48 என்றால் இந்த இரண்டிலும் பூஜ்யம். மிச்சம் உள்ள 6-ல் அவர் 5 வாங்க வேண்டும்! நோய் முற்றினால்தான் அது நடக்கும். உகாண்டா, நேபாளம், பெரு நாடுகளில் 'கோலா-6' என்ற தாளைச் சோதித்துப் பார்த்தார்கள். அதில் கேள்விகளோடு மூச்சை ஊதி அளக்கும் பீக் ஃப்ளோ கருவியும் சேரும். ஊதச் சொல்வது ஒரு நிமிட வேலை, அதைத் தவிர்க்காதீர்கள்.

மதிப்பெண் கூடிவிட்டால் நோய் உறுதி என்றும் ஆகாது. இரத்தசோகையிலும் இதயக் கோளாறிலும் மூச்சு வாங்கும். இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் முதலில் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை. சி.ஓ.பி.டி. என்று சொல்ல, ஊதும் காற்றின் அளவையும் வேகத்தையும் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை வேண்டும். அதுவும் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்து, 15 நிமிடம் பொறுத்து ஊத வைத்த பிறகும், மொத்தம் ஊதிய காற்றில் முதல் நொடியில் வெளியேறிய பங்கு 0.70-க்குக் கீழே இருந்தால்தான். நேரமில்லை என்று அந்தக் கால் மணி நேரத்தை விட்டால், மருந்தில் பெரும்பாலும் விரிந்துகொடுக்கும் ஆஸ்துமாவும் இதில் வந்து கலந்துவிடும்.

கணக்கெடுப்புக்குக் கிளம்பும் முன்பே இந்தச் சோதனை எங்கே, எந்தக் கிழமை என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 'பெரியாஸ்பத்திரிக்குப் போங்கம்மா' என்றால் அந்த அம்மா போகமாட்டார். ஒரு நாள் கூலி போகும், துணைக்கு ஆள் வேண்டும், எந்த வாசலில் நுழைவதென்று தெரியாது. கிழமை, அறை எண், போக வேண்டிய பஸ், கூட வரும் ஆள் எல்லாவற்றையும் சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள். அடுத்த வாரம் திரும்பப் போய், போனாரா என்று கேளுங்கள்.