பந்தயத்தைப் படித்த பிறகு குதிரையைப் பாருங்கள்

அமெரிக்காவின் சர்ச்சில் டவுன்ஸ், சாரடோகா போன்ற மைதானங்களில் ஒரே நாளில் பத்துப் பந்தயங்கள்கூட நடக்கும். பார்ப்பதற்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் யார் ஓடலாம், எவ்வளவு எடை சுமக்க வேண்டும், ஓடும் குதிரை விற்பனைக்கு உண்டா இல்லையா என்பதற்கெல்லாம் ஒவ்வொரு பந்தயத்துக்கும் தனி விதி உண்டு. ரேஸ் புத்தகத்தில் பந்தய எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் நான்கைந்து வரிகளாக அது அச்சாகியிருக்கும். அந்த வரிகளைத் தாண்டி நேரே குதிரையின் பெயருக்கும் ஜாக்கியின் பெயருக்கும் போய்விடுவதுதான் தலையாய தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்தே பிறக்கின்றன.

கிண்டி பந்தயங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் இருக்கிறது. இந்தியாவில் குதிரைகளை மதிப்பெண் அடிப்படையில் வகுப்புகளாகப் பிரித்து, எடையால் சமன்செய்யும் ஹேண்டிகேப் பந்தயங்களே அதிகம். அமெரிக்காவில் அன்றாடப் பந்தயங்களைத் தரம் பிரிப்பது பெரும்பாலும் குதிரைக்குக் குறித்த விற்பனை விலைதான். இங்கே கற்ற கணக்கை அங்கே அப்படியே பொருத்தினால் விடை தப்பாகவே வரும்.

மெய்டன் பந்தயம் என்பது இதுவரை ஒருமுறைகூட ஜெயிக்காத குதிரைகளுக்கானது. அதனாலேயே அது மட்டமான பந்தயம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நாளைய சாம்பியன்களில் பெரும்பாலானவை முதல் வெற்றியைப் பெறுவது இங்கேதான். ஜெயிக்காத குதிரை என்றால் மட்டமானது என்றும் இல்லை. அமெரிக்காவின் புகழ்பெற்ற பந்தயமான கென்டக்கி டெர்பியை 1919இல் வென்ற சர் பார்ட்டன் அதற்கு முன் ஒரு பந்தயம்கூட ஜெயித்ததில்லை; அதே ஆண்டில் பிரீக்னஸ், பெல்மான்ட் பந்தயங்களையும் வென்று மும்மகுடம் சூடிய முதல் குதிரை ஆனது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மெய்டனிலேயே இரண்டு தரம் உண்டு. மெய்டன் ஸ்பெஷல் வெயிட்டில் ஓடும் குதிரைகள் விற்பனைக்கு அல்ல. மெய்டன் கிளெய்மிங்கில் ஓடுபவை குறித்த விலைக்கு விற்பனைக்கு உள்ளவை. இரண்டுக்கும் இடையே உள்ள தர வித்தியாசம் மிகப் பெரியது. முன்னதில் ஐந்தாவதாக வந்த குதிரை பின்னதற்கு இறங்கி எளிதாக ஜெயிப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

அதிகமானோர் தவறாகப் புரிந்துகொள்வது கிளெய்மிங் பந்தயத்தைத்தான். இது ஏலம் அல்ல. பந்தயத்துக்கு முன்பே விலை அறிவிக்கப்பட்டிருக்கும். உரிமம் பெற்ற வேறொரு உரிமையாளர் அந்த விலைக்குக் குதிரையை வாங்கிக்கொள்வதாக, ஓட்டம் தொடங்கும் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஒரே குதிரைக்குப் பலர் எழுதிக் கொடுத்திருந்தால் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்வார்கள். அந்த ஓட்டத்தின் பரிசுத் தொகை பழைய உரிமையாளருக்கு, குதிரை புதியவருக்கு. ஒரு பந்தயத்தில் ஓடும் குதிரைகளை ஏறக்குறைய ஒரே தரத்தில் வைத்திருப்பது இந்த ஏற்பாடுதான். நல்ல குதிரையை மலிவான பந்தயத்தில் ஓடவிட்டுப் பரிசை அள்ளப் பார்த்தால், குதிரையே கைவிட்டுப் போய்விடும்.

எனவே ஒரு குதிரை 50,000 டாலர் விலை குறித்த கிளெய்மிங் பந்தயத்திலிருந்து திடீரென 16,000 டாலர் விலை குறித்த பந்தயத்துக்கு இறங்கினால், ‘இன்று சுலபமாக ஜெயிக்கும்’ என்று துள்ளிக் குதிக்காதீர்கள். அவ்வளவு மலிவாக அதை விட்டுக்கொடுக்க உரிமையாளர் ஏன் தயாராக இருக்கிறார் என்று கேளுங்கள். காலில் வலி இருக்கலாம். என்னை மிகவும் உறுத்துவது இந்த இடம்தான்: நோவுள்ள குதிரையை அடுத்தவர் தலையில் கட்டும் வழியாகவும் இந்த முறை பயன்பட்டிருக்கிறது. அதனால்தான் பல மாநிலங்களில், ஓட்டத்துக்குப் பிறகு கால்நடை மருத்துவர் குதிரை நொண்டுகிறது என்று கண்டால் விற்பனை செல்லாது என விதி வைத்திருக்கிறார்கள். நல்ல விதி. எல்லா இடங்களிலும் ஒரே கண்டிப்போடு இருக்க வேண்டிய விதி.

அதற்காகக் கிளெய்மிங் குதிரைகள் எல்லாம் கழிசடை என்று நினைப்பதும் பிழை. 1943இல் பயிற்சியாளர் ஹிர்ஷ் ஜேக்கப்ஸ் கிளெய்மிங்கில் 1,500 டாலருக்கு வாங்கிய ஸ்டைமி ஓய்வு பெற்றபோது 9,18,485 டாலர் சம்பாதித்திருந்தது. 2021இல் 30,000 டாலருக்குக் கைமாறிய ரிச் ஸ்ட்ரைக் அடுத்த ஆண்டே கென்டக்கி டெர்பியை வென்றது. அன்று அதற்கு ஒன்றுக்கு எண்பது என்ற விகிதம்.

கிளெய்மிங்குக்கு மேற்படியில் இருக்கும் அலவன்ஸ் பந்தயத்தில் குதிரை விற்பனைக்கு இல்லை. இதில் கண்ணை ஏமாற்றும் ஒரு வரி உண்டு: ‘மெய்டன், கிளெய்மிங், ஸ்டார்ட்டர் பந்தயங்கள் நீங்கலாக வேறெதையும் வெல்லாதவை.’ (ஸ்டார்ட்டர் என்பது முன்பு குறித்த விலைக்குள் கிளெய்மிங்கில் ஓடிய குதிரைகளுக்கானது.) இந்த வரியைப் படித்துவிட்டு அனைத்தும் புதுக் குதிரைகள் என்று முடிவுகட்டக் கூடாது. கிளெய்மிங்கில் ஏழெட்டு முறை வென்ற அனுபவசாலியும் இதில் தாராளமாக ஓடலாம். அதன் பக்கத்தில் நிற்பது ஒரே ஒரு மெய்டனை வென்ற மூன்று வயதுக் குதிரையாக இருக்கலாம். இரண்டில் எது மேலும் முன்னேறும் என்பதே அங்கே கேட்க வேண்டிய கேள்வி. வெற்றிகளை எண்ணிப் பயனில்லை.

ஹேண்டிகேப்பில் அதிக எடை சுமக்கும் குதிரையைப் பார்த்துப் பரிதாபப்படுகிறவர்கள், அதுதான் அந்தக் கூட்டத்தில் சிறந்தது என்று அதிகாரி கணித்திருக்கிறார் என்பதை மறந்துவிடுகிறார்கள். அதே சமயம் எடையை அலட்சியம் செய்யவும் முடியாது. 1973இல் இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் தடை தாண்டும் பந்தயத்தில் கிரிஸ்ப் என்ற குதிரை, ரெட் ரம்மைவிட 23 பவுண்டு கூடுதலாகச் சுமந்து நெடுந்தூரம் முன்னணியில் ஓடியது. கடைசி நேரத்தில் முக்கால் குதிரை நீளத்தில் தோற்றது. அன்று கிரிஸ்ப் ஓடியதைவிடச் சிறந்த தோல்வி எனக்குத் தெரிந்து இல்லை. முடிவுப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு அது வெறும் இரண்டாம் இடம்.

உச்சியில் இருப்பவை ஸ்டேக்ஸ் பந்தயங்கள். அமெரிக்காவில் 1973 முதல் அவற்றில் சிறந்தவற்றை மூன்று கிரேடுகளாகப் பிரிக்கிறார்கள். பரிசுத் தொகையை வைத்து கிரேடை ஊகிப்பது வேண்டாம். சவூதி கோப்பை 2020இல் இரண்டு கோடி டாலர் பரிசோடு தொடங்கியது. முதல் கிரேடுக்கு இணையான அந்தஸ்து கிடைத்ததோ 2022இல்தான். கென்டக்கி டெர்பியை வென்றதே நாட்டின் தலைசிறந்த குதிரை என்பதும் அவசர முடிவு. அதில் மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே ஓட முடியும். முதிர்ந்த குதிரைகளோடு மோதும் நாள் பிறகுதான் வரும்.

கடைசியாக, விதியைக் காலையில் ஒருமுறை படித்ததோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மழை பெய்தால் புல்தரையில் நடக்க வேண்டிய பந்தயத்தை மண் தடத்துக்கு மாற்றிவிடுவார்கள். புல்லில் மட்டும் சோபிக்கும் குதிரைகள் விலகும். மண் தடத்துக்கு மாறினால் மட்டும் ஓடுவதாகப் பதிவுசெய்யப்பட்ட குதிரைகள் உள்ளே வரும். கிரேடு பந்தயமாக இருந்தால் அதன் கிரேடும் தானாக ஒரு படி இறங்கி மறுபரிசீலனைக்குப் போகும். மாற்றங்களின் பட்டியலைப் பந்தயத்துக்குச் சற்று முன்பு மறுபடி பாருங்கள்.