கொழும்பில் சிறிய முதியோர் இல்லம்: வீட்டுக்கு முற்பணம் கொடுக்குமுன்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீடு எடுத்து, கட்டில்களும் போட்ட பிறகுதான் பலர் பதிவைப் பற்றி விசாரிக்கிறார்கள். எத்தனை பேர், எந்த அளவு பராமரிப்பு, எந்த வீடு என்ற மூன்றும் அதற்குள் முடிவாகிவிடும். அனுமதி தங்கியிருப்பதே இந்த மூன்றில்தான்.

முதலில் தலைக்கணக்கு. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, ஐந்து முதியவர்களுக்கு மேல் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம் முதியோருக்கான தேசிய சபையில் பதிவு செய்யப்பட வேண்டும். "அம்மாவை ஒரு மாதம் மட்டும் வைச்சிருங்கோ" என்று கனடாவிலிருந்து மகன் கேட்பார். ஏற்கனவே ஐந்து பேர் இருந்தால் அந்த அம்மாவையும் ஆறாவது ஆளாகவே எண்ணுங்கள். ஐந்து பேரிடம் வரும் பணத்தில் வாடகையும் சம்பளமும் கட்டுப்படியாகாது என்று தெரிந்தால், தொடக்கத்திலேயே பதிவுக்குப் போவதுதான் சரி. உங்கள் பிரதேச செயலகத்தில் முதியோர் விடயத்தைப் பார்க்கும் உத்தியோகத்தரிடம் முதலில் பேசுங்கள்.

அடுத்தது பராமரிப்பின் எல்லை. குளிப்பாட்டுவது, உணவூட்டுவது, மருத்துவர் எழுதிய மாத்திரையை நேரத்துக்குக் கொடுப்பது ஒரு வகை. சேலைன் ஏற்றுவது, ஆழமான படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டுவது, மூக்குக்குழாய் வழியே உணவு கொடுப்பது வேறு வகை. நோயாளியை ஏற்று மருத்துவ, தாதியர் சிகிச்சை அளிக்கும் இடத்துக்கு 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டம் பொருந்தும். அந்தப் பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பெரும்பாலும் இந்த எல்லையை யாரும் திட்டமிட்டுத் தாண்டுவதில்லை. நடந்து வந்தவர் ஒரு வருடத்தில் படுக்கையில் விழுகிறார், மனம் கேட்காமல் வைத்துக்கொள்கிறோம். எந்த நிலையில் வைத்தியசாலைக்கோ தாதியர் இல்லத்துக்கோ மாற்றுவீர்கள் என்பதைச் சேர்க்கும் நாளிலேயே ஒப்பந்தத்தில் எழுதிப் பிள்ளைகளிடம் கையொப்பம் வாங்குங்கள்.

இனி வீடு. வதிவிடமாக அனுமதிக்கப்பட்ட கட்டடத்தை இல்லமாக மாற்றலாமா என்பதை மாநகர சபையில் கேளுங்கள். வெள்ளவத்தை என்றால் கொழும்பு மாநகர சபை. தெஹிவளை என்றால் தெஹிவளை-கல்கிசை மாநகர சபை. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் பிரதியும் உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதமும் கையில் இல்லாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். பாவனை மாறினால் மதிப்பீட்டு வரி கூடக்கூடும் என்பதால் உரிமையாளர்கள் கடைசி நேரத்தில் பின்வாங்குவதுண்டு. கூடும் தொகையை யார் கட்டுவது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். தொடர்மாடி வேண்டாம்: அயலவர் முறைப்பாடு ஒருபுறம், லிப்ட் நின்றால் படுக்கையில் உள்ளவரை இறக்க முடியாத ஆபத்து மறுபுறம்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது அளவுநாடா எடுத்துச் செல்லுங்கள். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்கு 1:12, அதாவது உயரத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு நீளம் என்பது கணக்கு. வாசலில் 15 சென்ரிமீற்றர் படி இரண்டு இருந்தால் உயரம் 30, சாய்தளம் 3.6 மீற்றர் நீள வேண்டும். முற்றம் அதற்குப் போதுமா? பழைய வீடுகளில் குளியலறைக் கதவு ஒடுக்கமானது. சக்கர நாற்காலி நுழைந்தாலும் தள்ளுபவரின் விரல் கதவு நிலையில் உரசும். அந்தக் கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உள்ளே திறப்பதானால், விழுந்தவரின் உடலே கதவை அடைத்துவிடும்.

தீப்பாதுகாப்பில் மிக மோசமான தவறு இரவுப் பூட்டு. மறதி நோயுள்ளவர் வெளியே போய்விடுவார் என்று இரும்புக் கிறில்லைப் பூட்டி, திறப்பைப் பராமரிப்பாளர் தலையணைக்கடியில் வைப்பார். புகை நிறைந்த இருட்டில் அவர் அதைத் தேடிக்கொண்டிருந்தால் எல்லாரும் உள்ளேயேதான். ஒவ்வொரு வாசலுக்கும் இரண்டாவது திறப்பு ஊழியர் அனைவரும் அறிந்த ஒரே இடத்தில் தொங்க வேண்டும். நடக்க முடியாதவர்களுக்குக் கீழ்த்தளமே.

செலவில் பலர் தவறவிடுவது ஊழியர் கணக்கு. ஒரு வாரம் 168 மணி நேரம். ஒருவருக்கு 45 மணி நேரம் என்றால், எந்நேரமும் ஒருவர் விழித்திருக்கவே நான்கு பேர் தேவை. 60,000 ரூபா சம்பளத்துக்கு ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 வீதம், 7,200 ரூபா. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், 1,800 ரூபா. நால்வருக்கும் மாதம் 36,000 ரூபா. இதைச் சேர்க்காமல் கட்டணத்தைச் சொல்லிவிட்டால், பிறகு வெட்டு விழுவது இரவு ஆளில்தான். விழுதலும் மூச்சுத்திணறலும் அதிகாலை இரண்டு மணிக்கும் வரும்.