பேனாக்கத்தியை வீட்டிலேயே தீட்டலாம் வாங்க

எந்த பாக்கெட் கத்தி வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, உங்களுக்குத் தீட்டத் தெரியுமா என்றுதான். விலை எவ்வளவானாலும் மழுங்கிப்போன கத்தி பார்சல் டேப்பைக்கூட ஒழுங்காக வெட்டாது. அதோடு வெட்டவில்லையே என்று அழுத்துவோம், அது வழுக்கி விரலில் ஏறும். கூரான கத்தியை விட மழுங்கல் கத்தி கையை அதிகம் பதம் பார்ப்பது இதனால்தான்.

என் சட்டைப்பையில் தினமும் இருப்பது ஒப்பினெல் எண் 8. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890-இல் செய்ய ஆரம்பித்த கத்தி. பீச் மரக் கைப்பிடி, எட்டரை சென்டிமீட்டர் அலகு, திருகினால் அலகைப் பூட்டிவிடும் ஒரு வளையம் (இந்தப் பூட்டு 1955-இல்தான் வந்தது), அவ்வளவே. பையில் இன்னொன்று, மடக்கினால் 91 மில்லிமீட்டர் நீளமுள்ள விக்டோரினாக்ஸ் என்ற சுவிஸ் கத்தி. இரண்டிலும் எனக்குப் பிடித்தது, இரும்பு ரொம்பக் கடினம் கிடையாது, சாதாரணக் கல்லிலேயே பதினைந்து நிமிடத்தில் பதத்துக்கு வந்துவிடும். மிகக் கடினமான இரும்பில் செய்த கத்திகளுக்கு வைரத்தூள் பதித்த தகடு தேவைப்படும், புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு அது வேண்டாத தலைவலி.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால் ஆகாதா? நானும் ஒருமுறை கொடுத்தேன். தீப்பொறி பறக்க அவர் பிடித்துக் கொடுத்ததைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் நுனிப்பக்கம் லேசாக நீலம் பூத்திருந்தது. மெல்லிய அலகு உலர்ந்த சக்கரத்தில் அப்படி நீலமாகிறது என்றால் சூடு 300 டிகிரியை ஒட்டிப் போயிருக்கிறது என்று அர்த்தம், அந்த இடத்தில் இரும்பு இளகிவிடும், எத்தனை தடவை தீட்டினாலும் கூர் நிற்காது. தடித்த அரிவாளுக்குச் சரி, பேனாக்கத்திக்கு வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். ஹார்டுவேர் கடையில் கார்பொரண்டம் கல் என்று கேளுங்கள், ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைசு என்று இரண்டு முகம் உள்ளதாக வாங்குங்கள். கல்லைப் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டுவைத்து, மேஜையில் ஈரத்துணி விரித்து அதன்மேல் வையுங்கள், வழுக்காது. கத்தியைத் திறந்து வளையத்தைத் திருகிப் பூட்டிவிடுங்கள். விக்டோரினாக்ஸின் இந்த அளவுக் கத்திகளில் அலகுக்குப் பூட்டு கிடையாது, அது விரல்மேல் மடங்காதபடி பிடித்துக்கொள்ள வேண்டியது உங்கள் பொறுப்பு.

அடுத்தது சாய்வு, எல்லோரும் பயப்படும் இடம். பக்கத்துக்கு 20 டிகிரி போதும். கோணமானி எதுவும் வேண்டாம்: அலகு இரண்டு சென்டிமீட்டர் அகலம் என்றால் அதன் முதுகு கல்லிலிருந்து சுமார் 7 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், நாலு பத்து ரூபாய் நாணயத்தை அடுக்கி வைத்தால் ஏறக்குறைய அந்த உயரம். ஒருமுறை நாணயத்தின்மேல் முதுகைச் சாய்த்துப் பார்த்துக் கைக்குப் பழக்கிவிட்டு எடுத்துவிடுங்கள். இன்னும் சந்தேகம் இருந்தால் கத்தியின் வாயை ஓரமாக மார்க்கர் பேனாவால் கருப்படியுங்கள். நாலு இழுப்புக்குப் பிறகு மை விளிம்பில் மட்டும் அப்படியே இருந்தால் கத்தியை ரொம்பப் படுக்கவைத்துவிட்டீர்கள், விளிம்பில் மட்டும் போயிருந்தால் ரொம்பத் தூக்கிவிட்டீர்கள், வாயின் சரிவான பட்டை முழுக்கச் சமமாகப் போனால் அதே கையை விடாதீர்கள்.

இப்போது சொரசொரப்பான பக்கத்தில், கல்லின் மேல்தோலை மெல்லியதாகச் சீவி எடுப்பதுபோல் வாய் முன்னால் போகத் தள்ளுங்கள், கைப்பிடிப் பக்கம் தொடங்கி நுனியில் முடிகிற மாதிரி. நுனி வளைகிற இடத்தில் கைப்பிடியைச் சற்றே உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பகுதி கல்லையே தொடாது. ஒரே பக்கத்தையே தீட்டுங்கள், எத்தனை தடவை என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள்.

எண்ண வேண்டாம் என்பது ஏனென்றால், எப்போது நிறுத்துவது என்பதைப் பிசிறுதான் சொல்லும். ஒரு பக்கம் தேயத் தேய விளிம்பில் இரும்பு மெல்லிய இழையாக மறுபக்கம் மடங்கி நிற்கும். தீட்டாத பக்கத்தில் கட்டைவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி, குறுக்காக, வருடி இறக்குங்கள் (வாயின் நீளத்தில் ஓட்டினால் அறுத்துவிடும், ஜாக்கிரதை). நகத்தில் மாட்டுவதுபோல ஒரு சொரசொரப்பு தட்டுப்படும். அடியிலிருந்து நுனிவரை அது தட்டுப்பட்டால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. வீட்டில் தீட்டிக் கூர் வரவில்லை என்பவர்களில் பெரும்பாலோர் பிசிறு வரும் முன்பே கத்தியைத் திருப்பிவிடுகிறவர்கள், நானும் முதல் மூன்று மாதம் அந்தக் கோஷ்டிதான்.

அப்புறம் திருப்பி, மறுபக்கமும் பிசிறு வரும்வரை அதே வேலை. நைசுப் பக்கத்திலும் அப்படியே, கடைசியில் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி, கத்தியின் கனம் மட்டும் கல்லில் படுகிற அளவுக்கு மெதுவாகப் பத்துப் பன்னிரண்டு தடவை. மிச்சமிருக்கும் பிசிறைப் பழைய தோல் பெல்ட்டின் உட்பக்கத்தில் தேய்த்து எடுக்கலாம், இதில் மட்டும் முதுகு முன்னால் போக வேண்டும், வாயை முன்னால் தள்ளினால் பெல்ட்தான் அறுபடும்.

சோதிக்கத் தக்காளி போதும். அழுத்தாமல் வைத்து இழுத்தால் தோல் தானாகப் பிளக்க வேண்டும்.

கார்பன் ஸ்டீல் (துருப்பிடிக்கும் வகை எஃகு) கத்தி வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை: எலுமிச்சை, மாங்காய் நறுக்கினால் அலகு கருக்கும், அது கெடுதல் இல்லை, செந்நிறமாகப் பூத்தால்தான் துரு. துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். கடலோர ஊர்க்காரர்கள் ஸ்டெயின்லெஸ் வாங்கிவிடுவது நிம்மதி. மழைக்காலத்தில் ஒப்பினெலின் மரக் கைப்பிடி ஊதி அலகு வெளியே வராமல் அடம்பிடித்தால் நகத்தை உடைத்துக்கொள்ளாமல், பூட்டு வளையம் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கைப்பிடியின் பின்முனையை மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டுங்கள், அலகு கொஞ்சம் தலை நீட்டும். சவோய்க்காரர்கள் காலம்காலமாகச் செய்வது அதுதான். விமானத்தில் போகும் நாளில் மறக்காமல் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள், கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துக்கொள்வார்கள்.

இடையில் லேசாக மழுங்கினால் ஒவ்வொரு தடவையும் கல்லை ஊறப்போட வேண்டியதில்லை. பீங்கான் காபிக் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் மெருகு பூசாத சொரசொர வளையம் ஒன்று இருக்கும். அதில் அதே சாய்வில் பக்கத்துக்கு ஐந்து தடவை இழுத்தால் போதும். கோப்பையில் காபி இல்லாதபோது.