மத்தியஸ்தரைத் திட்டுங்கள், ஆனால் ஆள் பார்த்துத் திட்டுங்கள்

இலங்கை அணி தோற்கிற மெட்ச்சைப் பார்ப்பதற்குக் கொழும்பில் யாருக்கும் பயிற்சி தேவையில்லை, அது தானாக வந்துவிடும். பயிற்சி தேவைப்படுவது அதற்குப் பிறகு வரும் கோபத்துக்குத்தான். கெத்தாராமவில், அதாவது பிரேமதாச மைதானத்தில், இருந்து பார்த்தாலும் சரி, வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக்கடைத் தொலைக்காட்சிக்கு முன்னால் பிளேன்டீயோடு நின்று பார்த்தாலும் சரி, அந்தக் கோபம் முழுவதும் முதலில் இறங்குவது மத்தியஸ்தர் மேல். அவர்தான் கண்ணுக்குத் தெரிகிறார், நடுவில் நிற்கிறார், திருப்பிப் பேசவும் மாட்டார். அணியைத் தெரிவு செய்தவர்களோ, அந்தப் பட்டியலுக்கு அனுமதி கொடுத்தவரோ, கிரிக்கெட் நிறுவனத்துக்கு வாக்குப் போட்டவர்களோ மைதானத்துக்கு நடுவில் வந்து நிற்பதில்லை, அதனால் தப்பித்துவிடுகிறார்கள். திட்ட வேண்டாம் என்று யாருக்கும் நான் சொல்லப் போவதில்லை. யாரை, எதற்காக, எவ்வளவு நேரம் என்று பிரித்துக்கொண்டால் போதும்.

முதலில் எல்பிடபிள்யூ, அதாவது விக்கெட்டில் பட வேண்டிய பந்தைக் காலால் மறித்ததற்குக் கொடுக்கும் ஆட்டமிழப்பு, ஏனென்றால் வீட்டில் சண்டை தொடங்குவதே அதில்தான். ரீப்ளேயைப் பார்த்துவிட்டு "நேரே மிடில் ஸ்டம்ப்" என்று கத்துவதற்கு முன்னால் கமரா எங்கே இருக்கிறது என்று பாருங்கள், விக்கெட்டுக்கு நேர்பின்னால் இல்லாமல் கொஞ்சம் விலகியிருந்தாலே கோடு மாறித் தெரியும். பிறகு பந்து எங்கே குத்தியது, காலில் எங்கே பட்டது, விக்கெட்டில் படுமா என்ற மூன்றையும் அந்த வரிசையிலேயே பாருங்கள். லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்திய பந்துக்கு எல்பிடபிள்யூ கிடையவே கிடையாது, அது போய் ஸ்டம்ப்பைப் பிடுங்கி எறியும் என்று திரை காட்டினாலும் கிடையாது. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே ஒரு மெட்ச்சில் பாதி வாக்குவாதம் குறைந்துவிடும்.

அப்புறம் 'அம்பயர்ஸ் கோல்' என்ற தலைவலி. களத்தில் சொன்ன தீர்ப்பை ஏற்காதவர்கள் மீளாய்வு கேட்டால் மூன்றாவது மத்தியஸ்தர் திரையில் பார்ப்பார். பந்தில் பாதிக்கும் குறைவான பகுதிதான் ஸ்டம்ப்பில் உரசும் என்று கணினி காட்டினால் களத்தில் சொன்ன தீர்ப்பே நிற்கும். ஒரே மாதிரியான பந்துக்கு ஒருவர் ஆட்டமிழப்பார், இன்னொருவர் தொடர்ந்து ஆடுவார், இது அநியாயம் என்று தோன்றும். ஆனால் காலில் பட்ட பிறகு பந்து போகும் பாதை யாரும் கண்ணால் பார்த்தது இல்லை, அது கணக்குப் போட்டு வரைந்த கோடு, கணக்கில் சிறு பிசகு இருக்கலாம் என்பதற்காகத்தான் அந்த இடைவெளியை விட்டிருக்கிறார்கள். எனக்கு இந்த விதி பிடிக்கும், என்னோடு சண்டை போடுபவர்கள் நிறைய. 2017 முதல் அம்பயர்ஸ் கோல் என்று வந்தால் மீளாய்வு வாய்ப்பும் பறிபோவதில்லை, ஆகவே அதற்காகப் பெரிதாக அழவும் தேவையில்லை.

இங்கே ஆளை மாற்றித் திட்ட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. டெஸ்ட் இன்னிங்ஸில் தோல்வியடையக்கூடிய மீளாய்வுகள் மூன்று, ஒருநாள் போட்டியிலும் டி20யிலும் இரண்டு. அதையெல்லாம் பத்து ஓவருக்குள் ஆசைக்குக் கேட்டுத் தீர்த்துவிட்டு, கடைசியில் நிஜமாகவே பிழையான தீர்ப்பு வரும்போது கையில் ஒன்றும் இல்லாமல் நின்றால், அந்தப் பிழை பாதி மத்தியஸ்தருடையது, மீதி அணித்தலைவருக்கும் விக்கெட் காப்பாளருக்கும் உரியது. மெட்ச் பார்க்கும்போது மீளாய்வுகளை எண்ணிக்கொண்டே வாருங்கள். இந்த முறையை முதன்முதலாகப் பரீட்சித்துப் பார்த்ததே 2008இல் இந்தியா இங்கே வந்து ஆடிய டெஸ்ட் தொடரில், கொழும்பு எஸ்எஸ்சி மைதானத்தில்தான், அதனால் கொழும்புக்காரருக்கு இது தெரியாது என்று சொல்வதற்குச் சாட்டே இல்லை.

தொழில்நுட்பமும் ஆளைக் கோபப்படுத்தும். 2024 ஓகஸ்ட் 4ஆம் திகதி கெத்தாராமவில் இந்தியாவுக்கு எதிரான இரண்டாவது ஒருநாள் போட்டியில் விராட் கோலிக்கு அகில தனஞ்சயவின் பந்தில் எல்பிடபிள்யூ கொடுக்கப்பட்டு, அவர் மீளாய்வு கேட்டு, பந்து மட்டையைத் தாண்டும்போது சத்தத்தை வரைந்து காட்டும் ஒலிக்கோட்டில் ஒரு துடிப்புத் தெரிந்து, மட்டையில் பட்டதென்று தீர்ப்பு மாறியது. இலங்கை விக்கெட் காப்பாளர் குசல் மெண்டிஸ் தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்தார். அந்த இடத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: துடிப்பு எந்தப் படத்தில் வருகிறது, அந்தப் படத்தில் பந்து மட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறதா, மட்டை காலணியிலோ பேடிலோ தரையிலோ அதே நேரம் படுகிறதா என்று பார்ப்பது. அதைப் பார்த்த பிறகும் சந்தேகம் இருந்தால் தாராளமாகக் கத்துங்கள். அன்று கோலி 14 ஓட்டங்களில் ஜெஃப்ரி வெண்டர்சேயிடம் அதே எல்பிடபிள்யூ முறையிலேயே ஆட்டமிழந்தார், வெண்டர்சேக்கு ஆறு விக்கெட், இலங்கை 32 ஓட்டங்களால் வென்றது. அந்தத் தீர்ப்பைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் என்னிடம் பேசவில்லை.

மீளாய்வே கேட்க முடியாத தீர்ப்புகள்தான் உண்மையில் வயிறெரிய வேண்டியவை. 2024 பெப்ரவரியில் தம்புள்ளையில் ஆப்கானிஸ்தானுக்கு எதிரான மூன்றாவது டி20யின் கடைசி ஓவரில் கமிந்து மெண்டிஸுக்கு தரையில் குத்தாமல் இடுப்புக்கு மேலே வந்த ஒரு ஃபுல்டொஸ் நோபோல் (விதிக்குப் புறம்பான பந்து) ஆகவில்லை, இலங்கை 3 ஓட்டங்களால் தோற்றது. பந்துவீச்சாளரின் முன்கால் கோட்டைத் தாண்டுகிறதா என்று மூன்றாவது மத்தியஸ்தர் ஒவ்வொரு பந்துக்கும் திரையில் பார்க்கிறார், உயரத்தை அப்படிப் பார்ப்பதில்லை, துடுப்பாட்ட வீரர் மீளாய்வும் கேட்க முடியாது. ஆகவே கள மத்தியஸ்தரைத் திட்ட நியாயம் இருந்தது, விதியை எழுதியவர்களைத் திட்ட அதைவிட அதிக நியாயம் இருந்தது. அணித்தலைவர் வனிந்து ஹசரங்க, அந்த மத்தியஸ்தர் வேறு வேலை பார்க்கலாம் என்கிற மாதிரிப் பகிரங்கமாகச் சொல்லப்போய் அடுத்த இரண்டு டி20 போட்டிகளில் ஆடத் தடை வாங்கினார். நாம் திண்ணையில் இருந்து சொன்னால் ஒன்றுமில்லை, தலைவர் சொன்னால் அணிக்குத் தலைவர் இல்லாமல் போய்விடுகிறார்.

அஞ்சலோ மெத்தியூஸின் தலைக்கவசக் கதை இன்னொரு வகை. 2023 நவம்பர் 6, டெல்லி, உலகக் கிண்ணம், பங்களாதேஷுக்கு எதிராக. வார் அறுந்தது, நேரம் போனது, பங்களாதேஷ் தலைவர் ஷகிப் அல் ஹசன் முறையிட்டார், சர்வதேச கிரிக்கெட்டில் முதன்முறையாக ஒருவர் நேரமுடிவால் ஆட்டமிழந்தார். அந்தத் தொடரின் விதியில் இரண்டு நிமிடத்துக்குள் அடுத்த பந்தை எதிர்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும் என்று இருந்தது. முறையீடு வந்த பிறகு மத்தியஸ்தருக்கு மனம் இளகுவதற்கு வழியில்லை, திரும்பப் பெறும் உரிமை எதிரணித் தலைவரிடம்தான் இருந்தது. ஷகிப்பைத் திட்டியவர்களோடு எனக்குப் பிரச்சினையில்லை, மத்தியஸ்தரைத் திட்டியவர்கள் முகவரி மாறிக் கடிதம் போட்டார்கள்.

சில நேரம் யாருமே கத்தாத பிழைதான் பெரிய பிழை. கோலி சம்பவத்துக்கு இரண்டு நாள் முன்பு, அதே கெத்தாராமவில் முதல் ஒருநாள் போட்டி 230க்கு 230 என்று சமநிலையில் முடிந்தது, எல்லோரும் கை குலுக்கிவிட்டுப் போனார்கள். விதிப்படி சூப்பர் ஓவர் ஆடியிருக்க வேண்டும் என்று பிறகு செய்தி வந்தது. மெட்ச்சுக்குப் போகிறவர்கள் அந்தத் தொடரின் விளையாட்டு நிபந்தனைகளை சர்வதேச கிரிக்கெட் சபையான ஐசிசியின் தளத்தில் ஒருமுறை வாசித்துவிட்டுப் போனால் நல்லது, வீரர்களே வாசிப்பதில்லை போலிருக்கிறது.

ஒரு தனிப் பிழைக்கும் தொடர்ந்து ஒருவரைக் குறிவைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1995 டிசம்பர் 26இல் மெல்பேர்னில் மத்தியஸ்தர் டெரல் ஹெயார், முழங்கையை மடக்கி எறிகிறார் என்று முத்தையா முரளிதரனின் பந்துகளை ஏழு முறை நோபோல் என்றார். 1999 ஜனவரியில் அடிலெய்டில் ரொஸ் எமர்சன் மறுபடி ஆரம்பித்தபோது அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க விரலை நீட்டிப் பேசி, அணியை எல்லைக்கோட்டு வரை கூட்டிக்கொண்டு போனார். அந்தக் கோபம் வெறும் சத்தமாக நின்றுவிடவில்லை, ஆய்வுகூடச் சோதனைகள் நடந்தன, 2005இல் எல்லாப் பந்துவீச்சாளருக்கும் முழங்கை 15 பாகை வரை நீளலாம் என்ற பொது அளவு வந்தது. அங்கே தலைவரும் கிரிக்கெட் சபையும் தங்கள் ஆளுக்குப் பின்னால் நின்றார்கள். நிர்வாகம் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது அதைத்தான்.

சரி, இப்போது நிர்வாகத்துக்கு வருவோம். ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள்: மத்தியஸ்தரின் பிழைகளையெல்லாம் நமக்குச் சாதகமாக மாற்றிப் போட்டாலும் தோற்றிருப்போமா? 2023 செப்டம்பர் 17 ஆசியக் கிண்ண இறுதிப்போட்டி, கெத்தாராமவில், இந்தியாவுக்கு எதிராக, 15.2 ஓவரில் 50 ஓட்டங்களுக்கு எல்லோரும் ஆட்டமிழந்தோம், மொஹமட் சிராஜுக்கு 21 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட். ஒன்றரை மாதம் கழித்து உலகக் கிண்ணத்தில், மும்பையில், அதே இந்தியாவிடம் 55. அந்த உலகக் கிண்ணத்தில் ஒன்பது போட்டியில் இரண்டு வெற்றி, ஒன்பதாவது இடம், அதனால் 2025 சாம்பியன்ஸ் கிண்ணமும் போனது. இதில் எந்த மத்தியஸ்தரைத் தேடுவீர்கள்?

மெத்தியூஸின் தலைக்கவச வார் அறுந்த அதே நவம்பர் 6ஆம் திகதி கொழும்பில் விளையாட்டுத்துறை அமைச்சர் ரொஷான் ரணசிங்க கிரிக்கெட் நிறுவன நிர்வாகத்தைக் கலைத்து, அர்ஜுன ரணதுங்க தலைமையில் இடைக்காலக் குழுவை நியமித்தார். மறுநாள் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. 9ஆம் திகதி நாடாளுமன்றம் நிர்வாகம் விலக வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. 10ஆம் திகதி ஐசிசி, அரசாங்கத் தலையீடு என்று சொல்லி இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. இங்கே நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போனது, மாதக் கடைசியில் அமைச்சரின் பதவியும் போனது, தடை நீங்கும்போது 2024 ஜனவரி கடைசி. இவ்வளவு நடந்தும் என்னைச் சுற்றியிருந்தவர்கள் தலைக்கவச வாரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே "அமைச்சர் கலைக்க வேண்டும்" என்று கத்துவதற்கு முன் அதன் விலையைத் தெரிந்துகொள்ளுங்கள், ஆட வேண்டிய பையன்கள்தான் அதைக் கட்டுகிறார்கள். யார் எதற்குப் பொறுப்பு என்பதும் தெரிய வேண்டும். பதினொருவரைத் தெரிவதில் தலைவருக்கும் பயிற்றுநருக்கும் பங்குண்டு, குழாமைத் தெரிவது தெரிவுக்குழு, 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டப்படி தேசிய அணிக்கு அமைச்சரின் அனுமதி வேண்டும். நிறுவன நிர்வாகிகளுக்கு வாக்களிப்பவர்கள் கழகங்களும் மாவட்டச் சங்கங்களும். இந்தக் கடைசி வரியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். கழகத்திடம் வாக்கு இருக்கும்வரை, பதவியில் இருப்பவர் கழகங்களைக் குறைக்க மாட்டார், ஒரு பருவத்தில் 20க்கும் மேற்பட்ட கழகங்கள் முதல்தரப் போட்டி ஆடியிருக்கின்றன, அப்படி ஐதான உள்ளூர்ப் போட்டியில் சதம் அடித்து வருபவர் சிராஜின் முன்னால் என்ன செய்வார்? உங்களுக்குத் தெரிந்த கழகம் ஏதாவது இருந்தால், தமிழ் யூனியனாக இருந்தாலும் வேறெதுவாக இருந்தாலும், அங்குள்ள உறுப்பினரிடம் உங்கள் கழகம் யாருக்கு வாக்களித்தது, ஏன் என்று கேளுங்கள். பத்து மத்தியஸ்தரைத் திட்டுவதைவிட அது பெரிய வேலை.

மைதானத்தைப் பகிஷ்கரித்தால் என்ன என்று கேட்பார்கள். அமெரிக்க பேஸ்போலில் ஓக்லண்ட் ரசிகர்கள் 2023 ஜூன் 13இல் அதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். அணியை லாஸ் வேகாஸுக்குக் கொண்டுபோக முயன்ற உரிமையாளரை எதிர்த்து, வழக்கமாகக் காலியாகக் கிடந்த மைதானத்துக்கு 27,759 பேர் வந்து "அணியை விற்றுவிடு" என்று கோஷம் போட்டார்கள். கோஷம் உலகம் முழுக்கக் கேட்டது, அணி 2024ஓடு ஓக்லண்டை விட்டுப் போயும் விட்டது. இங்கே நிறுவனத்தின் பெரிய வருமானம் ஒளிபரப்பிலும் ஐசிசி பங்கிலும் வருகிறது, கெத்தாராம டிக்கெட்டில் இல்லை, ஆகவே நீங்கள் வீட்டில் இருந்தால் நஷ்டம் கடலை விற்பவருக்கும் பப்பரே வாத்தியக்காரருக்கும்தான். போங்கள், பதாகையோடு போங்கள், ஆனால் அதில் வீரரின் பெயரை எழுதாதீர்கள்.

உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விளையாட்டுத்துறை அமைச்சின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். "ஏன் இவரைச் சேர்க்கவில்லை" என்று கேட்டால் ஒன்றும் வராது, அது கருத்து. ஆவணத்தைக் கேளுங்கள்: இன்ன தொடருக்கான குழாம் பட்டியல் எந்தத் திகதியில் அனுமதிக்கு வந்தது, எந்தத் திகதியில் அனுமதி போனது, இடையில் பெயர் மாற்றம் இருந்ததா, இருந்தால் அதற்கான கடிதத்தின் பிரதி. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்பம் கொடுத்ததற்கு எழுத்தில் ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மறுத்தால் மேன்முறையீட்டுக்கும், அதிலும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் போகும்போது அந்தத் துண்டைத்தான் முதலில் கேட்பார்கள்.