சபை ஒற்றுமையைக் கெடுக்கும் சாதாரண வாக்கியங்கள்

ஒரு சபை பிளவுபட்டால் உபதேச வேறுபாடு, பதவிச் சண்டை, பணத் தகராறு என்று காரணம் சொல்வார்கள். அதெல்லாம் உண்டுதான். ஆனால் அதற்குப் பல வருடங்கள் முன்பே அந்தச் சபையில் சில வாக்கியங்கள் புழங்க ஆரம்பித்திருக்கும். காதுக்குப் பக்தியாகவும் பணிவாகவும் கேட்கும். பிரித்துப் பார்த்தால் 'இது என் வேலை இல்லை' என்பதுதான் உள்ளே இருக்கும்.

"போதகர் பார்த்துக்கொள்வார்"

ஒருவர் மூன்று வாரமாக ஆராதனைக்கு வரவில்லை. அவர் வழக்கமாக உட்காரும் இடம் காலியாக இருப்பதை ஏழெட்டுப் பேராவது கவனித்திருப்பார்கள். மூப்பர் விசாரித்திருப்பார் என்று அவர்கள் நினைக்கிறார்கள்; போதகர் வீட்டுக்கே போயிருப்பார் என்று மூப்பர் நினைக்கிறார்; பக்கத்தில் உட்காருகிறவர்கள் பேசியிருப்பார்கள் என்று போதகர் நினைக்கிறார். அவர் மேல் யாருக்கும் வெறுப்பு இல்லை. யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

ஒருவழியாக அவர் திரும்பி வரும்போது, 'சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது' என்ற எபிரெயர் 10:25 மட்டும் அவருக்குத் தவறாமல் கிடைக்கும். அதற்கு முந்தின வசனம் 'ஒருவரையொருவர் கவனித்து' என்கிறது. வராதவருக்கு 25ஆம் வசனம் என்றால், வந்திருந்த நமக்கு 24ஆம் வசனம். இரண்டும் மூலத்தில் ஒரே வாக்கியம். 'ஒருவரையொருவர்' என்பதற்கான கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் சுமார் 100 முறை வருகிறது. அன்புகூருங்கள், மன்னியுங்கள், புத்திசொல்லுங்கள், தாங்குங்கள் என்று அந்தச் சொல்லோடு வரும் கட்டளைகளில் பெரும்பாலானவை முழுச் சபைக்கும் சொன்னவை; ஊழியர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டவை அல்ல.

"ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்"

நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் மனைவி மருத்துவமனையில் இருக்கும்போது, என்ன வேண்டும், யாரிடம் கேட்கலாம், கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று யோசிக்கும் வேலையையும் அந்த மனிதர் தலையிலேயே வைத்துவிட்டு வருகிறோம். அவர் கேட்கப்போவதில்லை. 'வியாழக்கிழமை பிள்ளைகளை நான் பள்ளியிலிருந்து கூட்டிவருகிறேன், சரியா?' என்று கேட்டுப் பாருங்கள். அவர் சரி என்றோ வேண்டாம் என்றோ சொன்னால் போதும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: ஒருவர் தானே செய்ய வேண்டியதையும் மற்றவர்கள் மேல் போடுவது. கலாத்தியர் 6:2 'ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து' என்கிறது. மூன்று வசனம் தள்ளி, 'அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே' என்கிறது. தமிழில் இரண்டு இடத்திலும் 'பாரம்' என்றே இருப்பதால் இந்தக் கடிதத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுல் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுவதுபோல் தோன்றும். கிரேக்கத்தில் அவை வெவ்வேறு சொற்கள். முதலாவது ஒருவரை அமுக்கிவிடக்கூடிய கனம். இரண்டாவது பயணம் போகிறவன் தானே தூக்க வேண்டிய மூட்டை. கடன், வியாதி, துக்கம் போன்றவை ஒருவரை நசுக்கும்போது தோள் கொடுக்க வேண்டும். அவரவர் குடும்பத்தை நடத்துவதும், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதும் அவரவர் மூட்டை.

"அவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்"

ஜெபக்குறிப்பு என்ற பெயரில் நடக்கும் வம்பு இது. 'விவரம் வேண்டாம், சும்மா ஜெபிங்க' என்று தொடங்கும், பத்து நிமிடத்தில் விவரம் மட்டுமே மிஞ்சும். மத்தேயு 18:15 காட்டும் முதல் படி, 'நீயும் அவனும் தனித்திருக்கையில்' பேசுவது. சம்பந்தப்பட்டவரிடம் பேசாமல் நான்கு பேரிடம் ஜெபம் கேட்பவர் அந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார். அதைக் காதுகொடுத்துக் கேட்கிறவருக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. 'நீங்கள் அவரிடம் பேசினீர்களா?' என்று ஒரே ஒரு கேள்வி போட்டால் பாதிக் கதை அங்கேயே நின்றுவிடும்.

"சபையின் பேர் கெட்டுவிடும்"

இதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. காணிக்கைக் கணக்கில் குளறுபடி, பொறுப்பில் இருப்பவர் ஒருவரை மிரட்டியது, ஒரு பிள்ளையிடம் யாரோ தவறாக நடந்தது என்று ஏதாவது வெளியே வரும்போது ஒற்றுமையின் பெயரால் வாயை அடைத்துவிடுகிறார்கள். அதற்கும் மத்தேயு 18ஐயே மேற்கோள் காட்டுவார்கள்: 'முதலில் தனியாகப் போய்ப் பேசு.' சகோதரனுக்கும் சகோதரனுக்கும் இடையிலான குற்றத்துக்குச் சொன்ன வழியைச் சட்டப்படி குற்றமான காரியத்துக்குத் திரை போடப் பயன்படுத்துவது வேதத்தையே கேடயமாக்கும் வேலை. பாதிக்கப்பட்ட பிள்ளையைத் தவறு செய்தவரோடு தனியாக உட்காரவைத்துச் சமரசம் பேசுவது அக்கிரமம். அங்கே காவல் துறைக்குத் தகவல் போக வேண்டும், பிள்ளைக்குப் பாதுகாப்பு வேண்டும். மற்ற பேச்சு அதற்கு அப்புறம்தான்.

எல்லோருக்கும் முன்னால் நடந்த தவறை எல்லோருக்கும் முன்னால் பேசிய உதாரணம் வேதத்திலேயே இருக்கிறது. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு (யூதரல்லாதவர்களோடு) சாப்பிடுவதிலிருந்து விலகினபோது, பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கேட்டார் (கலாத்தியர் 2). பண விஷயத்தில் பவுல் தன்னைக்கூட நம்பச் சொல்லவில்லை. எருசலேமின் ஏழைகளுக்கான காணிக்கையைக் கொண்டுபோக, சபைகளே தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் கூட வைத்துக்கொண்டார். யாரும் குற்றம் சொல்ல இடம் இருக்கக் கூடாது என்பதுதான் காரணம் (2 கொரிந்தியர் 8). கணக்குக் கேட்பவரைக் கலகக்காரர் என்று நினைக்கும் சபைகள் இந்த அதிகாரத்தை ஒருமுறை நிதானமாகப் படிக்கலாம்.

"முறுமுறுக்கக் கூடாது"

முறுமுறுப்பு பாவம் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டால் குறை சொன்னவர் அடங்கிவிடுவார். குறை அப்படியே இருக்கும். அப்போஸ்தலர் 6இல் கிரேக்க மொழி பேசிய விசுவாசிகள், அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவுப் பகிர்வில், தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர்கள் அவர்களைக் கண்டிக்கவில்லை, ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தாரின் கையிலேயே பந்தியை ஒப்படைத்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. இன்று எத்தனை கமிட்டிகளுக்கு அந்தத் துணிச்சல் இருக்கும்?

எல்லோரும் ஒரே மாதிரி யோசித்தால்தான் ஒற்றுமை என்று நினைப்பதும் இதோடு ஒட்டிய தவறு. உணவிலும் விசேஷ நாட்களிலும் கருத்து வேறுபட்டிருந்த ரோமச் சபையை ஒரே கருத்துக்கு வரச் சொல்லவில்லை பவுல். அற்பமாய் எண்ணாதே, குற்றவாளியாகத் தீர்க்காதே என்றுதான் சொன்னார்.

"எனக்கு அவரோடு ஒன்றும் இல்லை"

பேச்சு நின்று இரண்டு வருடம் ஆனவர்கள் சொல்லும் வாக்கியம். ஒரே திருவிருந்தில் பங்குபெறுவார்கள், ஆனால் வேறு வேறு வாசல் வழியாக வெளியே போவார்கள். மற்றவர்களும் அதற்குப் பழகிவிடுவார்கள். பிலிப்பியர் 4இல் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களுக்குள் என்ன பிரச்சினை என்று பவுல் சொல்லவே இல்லை. 'எயோதியாளுக்குப் புத்திசொல்லுகிறேன், சிந்திகேயாளுக்கும் புத்திசொல்லுகிறேன்' என்று இருவருக்கும் தனித்தனியாகச் சொல்கிறார். அதோடு விடாமல், அவர்களுக்கு உதவிசெய் என்று மூன்றாவதாக ஒருவரையும் இழுத்துவிடுகிறார். நமக்கு எதற்கு வம்பு என்று ஒதுங்க அந்த மனிதருக்கு வழியே இல்லை.

பவுலுக்கும் இதில் சொந்த அனுபவம் உண்டு. முந்தின ஊழியப் பயணத்தில் பாதி வழியில் திரும்பிப்போன மாற்குவை மறுபடியும் கூட்டிப்போவதா வேண்டாமா என்று உடன் ஊழியரான பர்னபாவோடு கடுமையாக மோதி, இருவரும் பிரிந்தே போனார்கள். பல வருடங்கள் கழித்து, சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது அதே மாற்குவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறார்; ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார்.