எலும்புக்கூடு முகம் எனக்குச் சரியாக வந்த விதம்

கல்லூரி ஓவியப் பாடத்துக்காகத் தங்கையின் முகத்தில் மண்டையோடு வரைந்தேன். கண்ணைச் சுற்றி வட்டமாகக் கறுப்பு, மூக்கு நுனியில் முக்கோணம், உதட்டின் மேல் சின்னச் சின்னப் பற்கள். பயம் வரவே இல்லை.

மருத்துவம் படிக்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் பிளாஸ்டிக் மண்டையோடு ஒன்று இருந்தது. அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தபோதுதான் பிழை புரிந்தது. கண்குழி வட்டமே இல்லை. மூலை மழுங்கிய சதுரம், வெளி ஓரம் கொஞ்சம் கீழே சரிந்திருக்கிறது. மூக்கு நுனி குருத்தெலும்பு என்பதால் மண்டையோட்டில் அது கிடையாது. பேரிக்காய் வடிவத் துளைதான் மிஞ்சும். பல்லின் வேர்கள் இருக்கும் இடத்தில் எலும்பு லேசாகப் புடைத்திருக்கிறது. அதனால் பற்களை உதட்டைத் தாண்டி நீளமாக வரைய வேண்டும்.

அப்புறம் தங்கையின் முகத்தை விரலால் தடவிப் பார்த்தே வரைந்தேன். எலும்பு தட்டுப்படும் இடத்தில் வெள்ளை, விரல் அமுங்கும் இடத்தில் அடர்பழுப்பு, குழியின் நடுவில் மட்டும் கறுப்பு. கன்ன எலும்புக்குக் கீழே அந்தப் பழுப்பு வந்ததும் முகமே ஒட்டிப்போனது. அம்மா உள்ளே வந்து ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டார்!

நெற்றியில் பொய்க் காயம் செய்ய, ஜெல்லிக்குப் போடும் ஜெலட்டினைச் சுடுதண்ணீரில் கரைத்து வைத்தேன். வெயிலில் அது இளகி வழிந்தது. தண்ணீரைக் குறைத்து, ஜெலட்டினைக் கூட்டி, கிளிசரின் சேர்த்ததும் நின்றது. சூடான ஜெலட்டின் தோலைச் சுட்டுவிடும். முதலில் உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். போஸ்டர் கலர் வேண்டாம், முகத்துக்கென்று விற்கும் வண்ணமே வாங்குங்கள்.