கடலோர வரைபடம்: மனை வாங்குவோரும் மாணவர்களும் சறுக்கும் இடங்கள்

மனை பார்க்க வருகிறவர்கள் அலை காலை நனைக்கும் இடத்தில் நின்று டேப் பிடிக்கிறார்கள். அது கணக்கிலேயே வராது. கரையோரக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளில் வரும் 50 மீட்டர், 200 மீட்டர் எல்லாம் உயர் அலைக் கோட்டிலிருந்துதான். அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் தண்ணீர் தரையில் எதுவரை ஏறுமோ, அதுதான் அந்தக் கோடு. சென்னையில் இருக்கும் தேசிய நிலையான கடலோர மேலாண்மை மையம் அதை வரையறுத்து வைத்திருக்கிறது. புரோக்கர் மணலில் காலால் கிழிப்பது செல்லாது. உப்பங்கழி ஓரத்துக்கும் தனி அளவு உண்டு.

1:25,000 வரைபடத்தில் சர்வே நம்பரைத் தேடாதீர்கள். அதில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 25 மீட்டர். பேனாக் கோட்டுக்குள்ளேயே ஒரு வீடு அடங்கிவிடும். 1:4,000 கிராம வரைபடத்தைக் கேளுங்கள்.

மாணவர்கள் சறுக்குவது வேறு இடத்தில். செயற்கைக்கோள் படத்தில் பச்சையாகத் தெரிவதையெல்லாம் அலையாத்தி (உப்புச் சேற்றில் வளரும் காடு) என்று குறித்துவிடுகிறார்கள். ராமநாதபுரத்தில், அதுவும் சீமைக்கருவேலம் மண்டிய கரையில்! அந்த மாவட்டத்தில் அலையாத்திக் காடு உள்ள காரங்காட்டுக்கு நேரில் போனால், சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களே சொல்லிவிடும். பத்து மீட்டர் சதுரத்தை ஒரே புள்ளியாகக் காட்டும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் அந்த வேர் எங்கே தெரியப்போகிறது?

கடலுக்குள் சிக்கல் இன்னும் அதிகம். கடல்புல், பாசி, பவளப்பார் மூன்றுமே படத்தில் கருந்திட்டுதான். எந்த மாதப் படம் என்று பார்க்காவிட்டால் அதுவும் தெரியாது. ஆடியில் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று தென்கடலை, அதாவது மன்னார் வளைகுடாவைக் கலக்கும். ஐப்பசி, கார்த்திகைக்குப் பிறகு வாடை வடகடலை, அதாவது பாக் விரிகுடாவைப் பிடித்துக்கொள்ளும். பாம்பன் பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் கொந்தளிப்பும் மறுபக்கம் அமைதியும் ஒரே நேரத்தில் தெரியும். கலங்கல் காலத்துப் படத்தை வைத்துக்கொண்டு ‘கடல்புல் அழிந்துவிட்டது’ என்று எழுதுவது அபத்தம். இரண்டு கடலுக்கும் தனித்தனித் தேதியில் படம் எடுங்கள். படகுக்காரரிடம் “அண்ணே, தண்ணி எப்போ தெளியும்?” என்று கேட்டாலே மாதம் தெரிந்துவிடும்.

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று பழைய பட்டியலை அப்படியே ஒப்பிக்கவும் வேண்டாம். பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன.

அப்புறம், இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்கள் எவரெஸ்ட் என்ற புவி மாதிரியில் வரைந்தவை. ஜிபிஎஸ் தருவது டபிள்யூஜிஎஸ்-84 என்ற வேறொரு மாதிரியில். மாற்றாமல் ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் புள்ளி நூறு மீட்டருக்கு மேல் விலகும். தனுஷ்கோடி மாதிரி ஒடுங்கிய மணல்திட்டில், ரோட்டில் குறித்தது கடலில் போய் விழும்.